தூங்கிவிட்டேன் என்றவள்

மழை பிடித்துக்கொண்டால் மாவு சொன்ன பேச்சுக் கேட்காது. கோடையில் பாத்திரத்தை மூடி வைத்துத் திரும்புவதற்குள் பொங்கி வழிகிற மாவு, ஐப்பசியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு நம் பொறுமையைச் சோதிக்கும். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் மாவு விற்கிற மலர்க்கொடி அந்த வாரம் முழுக்க மாவுத் தூக்குகளைச் சாக்குப் போட்டுப் போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் புளிக்காத மாவை வாங்கிப் போய்விட்டு இட்லி கல்லாக வந்தது என்று சண்டைக்கு வருவார்கள். மழையைத் திட்ட முடியாதவர்கள் மலர்க்கொடியைத் திட்டுவார்கள்.

கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் அவளுக்குக் கையில் புத்தகம் இருக்க வேண்டும். உளுந்து அரைபடுகிற வரை ஓர் அத்தியாயம், அரிசிக்கு இன்னோர் அத்தியாயம். மாவு விரலால் புரட்டிப் புரட்டி அந்தத் தடித்த நாவலின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்து மொடமொடத்துக் கிடந்தது. புத்தூரில் பெலிண்டா டீச்சர் வீட்டில் மாதாமாதம் கூடுகிற பெண்கள் எல்லோரும் அப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் படித்த காலத்தில் பள்ளிக்கூட வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அம்மாக்கள்தாம் அவர்கள். டீச்சர் ஓய்வு பெற்றதும், 'சும்மா நின்னு ஊர்க்கதை பேசினீங்க இல்ல, இனிமே உட்கார்ந்து நல்ல கதையாப் பேசுங்க' என்று இழுத்து உட்கார வைத்துவிட்டார். வருகிறவர்களில் மலர்க்கொடிக்கு நெருக்கம் கமர் ஜஹான்.

அந்தக் கமர் ஜஹானைத்தான் மலர்க்கொடி ஏமாற்றியிருந்தாள். ஏமாற்றினாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒரு சின்னப் பொய், யாருக்கும் மனசு நோகாமல் இருக்கச் சொன்னது என்பாள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், என்ன பேர் வைப்பது என்பதைக் கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மலர்க்கொடி குடியிருப்பது அமிர்தம் மாமி வீட்டுக் கீழ்ப்போர்ஷனில். மாமி வயசு காரணமாகச் சென்னையில் மகனோடு போய் இருந்துவிட்டார். மேல்போர்ஷன் காலி. வாசல் கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு கட்டியிருந்தது, சாவி மலர்க்கொடியிடம். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். சாவி வைத்திருக்கிற ஆள்தான் வருகிறவர்களைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, மனசுக்குப் பட்டால் வீட்டுக்காரருக்குப் போன் போடுவது. படாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவது. வீட்டுக்காரருக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதே தெரியாது. கையில் சாவி இருந்தால் மனுஷருக்குக் கொஞ்சம் கழுத்து நிமிர்ந்துதான் போகிறது.

ஆடி பிறந்த சமயத்தில் கமர் ஜஹான் போன் செய்தாள். அவள் மகள் ஹஃப்ஸாவின் குழந்தை இன்ஷாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மிஷின் பொருத்தி, இப்போது சத்தம் கேட்கிறது. ஆனால் கேட்கிற சத்தம் என்னவென்று குழந்தைக்குத் தெரிய வேண்டுமே. மூலத்தோப்பில் அதற்கென்று ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. தினமும் காலையில் தாயும் பிள்ளையும் போய் உட்கார வேண்டும். இந்த வயசில் விட்டால் பிறகு பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருக்கிற நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கமிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டி தினமும் வந்து போவது ஆகிற காரியமா? ஹஃப்ஸாவின் புருஷன் கலீம் குவைத்தில். கூட மாட ஓட ஆள் கிடையாது. மாமி வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று நீதானே சொன்னாய், அதைப் பேசி முடித்துக் கொடு என்றாள் கமர் ஜஹான்.

மாமியிடம் கேட்கிறேன் என்று மலர்க்கொடி சொன்னாள். கேட்க வேண்டும் என்றுதான் இருந்தாள். போனைக் கையில் எடுத்ததும் யோசனை வந்துவிட்டது. மாமி ஆசாரம். தெருவில் என்ன சொல்வார்கள்? மாடியில் கறி வாசம் வந்தால் கீழே மாவு வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களா? இவளுமே முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். கல்யாணமான புதிதில் புருஷன் வீரமலையோடு இதே ஊரில் வீடு தேடி அலைந்தபோது, 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் எத்தனை பேர். கடைசியில் மாமி ஒருத்திதான், உள்ளே கறி மீன் சமைக்காமல் இருந்தால் சரி என்று சாவியை நீட்டினார். மகள் கேட்கிறாள் என்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஆம்லெட் போடுகிற நாட்களில் இன்றைக்கும் மலர்க்கொடிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட இடம். இன்னொருத்திக்காக வாய் திறந்து, இருக்கிற நல்ல பேரும் போய்விட்டால்?

இரண்டு நாள் கழித்துக் கமர் ஜஹான் மறுபடி கூப்பிட்டபோது, "மாமி அவங்க தங்கச்சி பேரனுக்குன்னு சொல்லி வச்சிட்டாங்களாம்க்கா. எனக்கே இப்பதான் தெரியும்" என்றாள். வாய் கூசாமல் வந்தது.

"அப்படியா? சரி விடு மலரு, நீ என்ன செய்வ. அல்லா வேற வழி காட்டுவான்" என்றாள் கமர் ஜஹான். பிறகு மாவு வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

பொய் சொன்னவள் போர்டையாவது கழற்றியிருக்க வேண்டும். அந்தப் புத்தி வரவில்லை. பயிற்சி நிலையம் அடுத்த தெருவில் இருக்கிறது, வீடு கிடைக்காத ஹஃப்ஸா தினமும் பஸ்ஸில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகத்தான் நடக்கிறாள் என்பதும் தோன்றவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் மாவு வாங்க வந்த எதிர்வீட்டம்மாள், "புர்கா போட்ட ஒரு பொண்ணு இடுப்புல குழந்தையோட உங்க கேட்டுகிட்ட நின்னு போர்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வீடு பாக்கணுமா, மலரு இப்ப வந்துரும்னு சொன்னேன். வேணாங்க, தெரிஞ்சுக்கத்தான்னு போயிடுச்சு" என்றாள்.

மலர்க்கொடிக்கு முகத்தில் ஈயாடவில்லை. எதிர்வீட்டம்மாள் போனதும் நாற்காலியைப் போட்டு ஏறி, நனைந்த கயிற்றைக் கத்தியால் அறுத்துப் போர்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் சொருகினாள். ஹஃப்ஸா இரட்டைச் சடையோடு இவள் வீட்டுக்கு வந்து, இவள் மகளோடு சேர்ந்து தயிர்சாதம் தின்ற பிள்ளை. பரீட்சைக்குப் போகும்போது இவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு அன்றைக்கு உளுந்தில் தண்ணீர் கூடிப்போய் மாவு கெட்டது.

அதற்கப்புறம் வந்ததுதான் டீச்சர் வீட்டில் அந்த மாதக் கூட்டம். போகாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று போனாள். சத்திரத்தில் பஸ் மாறும்போது தூறல். புத்தூர் போய்ச் சேர்வதற்குள் நன்றாகப் பிடித்துக்கொண்டது. டீச்சர் வீட்டு ஹாலில் கமர் ஜஹான் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். எப்போதும் போலப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, தன் முந்தானையால் இவள் தலையைத் துவட்டிவிட்டாள். டப்பாவில் போண்டா கொண்டு வந்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து மலர்க்கொடி கையில் வைத்தாள். ஹஃப்ஸா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று மலர்க்கொடிக்கு உயிர் வந்தது.

அன்றைக்கு நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்கள். கதை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மதகுக் காவலுக்குச் சடையன் என்று ஒருவன் குடும்பத்தோடு வந்து சேர்கிறான். எந்த ஊர், என்ன ஆள் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஊருக்கு அவனைப் பிடிக்காது. ஒருநாள் யாரோ மதகைத் திறந்துவிட, கதிர் முற்றிய வயலெல்லாம் முழுகிப்போகிறது. திறந்தவன் மிராசுதார் மகன். அதைப் பக்கத்து வீட்டுச் செங்கமலம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள். பழி சடையன் மேல் விழுந்து ஊர் கூடி விசாரிக்கிறபோது மணியக்காரர் அவளைக் கேட்கிறார். நான் தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். சடையன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

இதில் அநியாயம் செய்தது யார் என்று பெலிண்டா டீச்சர் கேட்டார். மிராசுதார் மகன்தான், இதில் என்ன சந்தேகம் என்றாள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற ஜெஸ்லின். ஊர்தான் என்றாள் இன்னொருத்தி, விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஊர் என்று. எல்லோரும் பேசி முடித்து, கடைசியில் செங்கமலத்தின் தலையில் வந்து விடிந்தது. பார்த்தவள் வாயைத் திறந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும், அவள்தான் பெரிய பாவி என்று ஆளாளுக்கு அவளைப் பிய்த்துப் போட்டார்கள். எப்போதும் முதல் ஆளாகப் பேசுகிற மலர்க்கொடி போண்டாவைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா உனக்கு இன்றைக்கு மௌன விரதமா என்று டீச்சர் கேட்டதும் பொறுக்க முடியவில்லை.

"அவளைச் சும்மா சும்மா சொல்லாதீங்க டீச்சர். அவ என்ன செய்வா? அவளே அந்த ஊருக்கு ஒண்ட வந்தவ. சடையன் வண்டி கட்டிக்கிட்டுப் போயிருவான். அவ நாளைக்கும் அங்கதான தண்ணி எடுக்கணும்? அவளுக்கு அவன் மேல என்ன விரோதம்? ஊரு ஒத்துக்காதுன்னு தெரியும், அதனால பேசாம இருந்துட்டா."

"ஊர் ஒத்துக்காதுன்னு அவளுக்கு யார் சொன்னது?" என்றார் டீச்சர். புத்தகத்தைப் பிரித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மணியக்காரர் ரெண்டாவது தடவையும் கேக்கறாரே, பாத்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு வேற சொல்றார். அந்த மனுஷனுக்கு உண்மை வேணும்னு இருந்திருக்கலாம். இவ அவருக்கும் சேத்து முடிவு பண்ணிடறா."

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. ஜெஸ்லின் வேறொரு சந்தேகம் கேட்டாள். ஜன்னலில் செங்கமலம் நின்றதைச் சடையனும் பார்த்தான் என்று முந்தின அத்தியாயத்தில் வருகிறது. அப்படியானால் கூட்டத்தில் அவளைக் கைகாட்டி, இவள் பார்த்தாள் என்று ஏன் சொல்லவில்லை? எழுதினவர் மறந்துவிட்டாரா என்றாள்.

கமர் ஜஹான் மெதுவாக ஆரம்பித்தாள். "மறக்கல. அவ வீட்டுல இவன் பிள்ளைங்க சோறு தின்னிருக்குங்க. அவள கைகாட்டினா அவ எல்லார் முன்னாடியும் இன்னொரு பொய் சொல்லணும். பழகின மனுஷி வாயால அதக் கேக்க வேணாம்னு நெனச்சிருப்பான். ஊரு பொய் சொன்னா தாங்கிக்கலாம் டீச்சர். ஊரு நமக்கு யாரு?"

சொல்லிவிட்டு மலர்க்கொடி பக்கம் திரும்பவே இல்லை. போண்டா டப்பாவை மூடி, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள். மலர்க்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. இவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் தலையைத் துவட்டிவிட்டிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் மலர்க்கொடி கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டாள். மாடிக்கு யாராவது வந்தார்களா என்றுதான் மாமி முதலில் கேட்டார். மலர்க்கொடி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். குழந்தை, மிஷின், பயிற்சி, மாமி பேரைச் சொல்லித் தான் சொன்ன பொய், போர்டு, எல்லாவற்றையும். லைன் போய்விட்டதோ என்று மலர்க்கொடி இரண்டு தரம் மாமி மாமி என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்டி. ஆடியிலேர்ந்தா இப்படி நடந்துண்டிருக்கு?" என்றார் மாமி. "நீ கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன்னு இப்போ பெருமையடிச்சுக்க மாட்டேன். சொல்லியிருப்பேனோ, மாட்டேனோ, பெருமாளுக்குத்தான் தெரியும். கொழந்தைக்காகன்னு தெரிஞ்சா ஒரு நாள் ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். உன்னை வெச்சுக்கறதுக்கும் அன்னிக்கு யோசிச்சேன், வெச்சுண்டேனோல்லியோ? அந்த யோசிக்கற பாக்கியத்தைக்கூட நீ எனக்குக் கொடுக்கலையே. என்னைக் கேக்காமலேயே என்னை அந்தக் கொழந்தைக்கு எதிரா நிறுத்திட்டியே."

மலர்க்கொடி அழுதாள். அழுவது இருக்கட்டும், அவர்களை வரச் சொல் என்று மாமி சொன்னார். உள்ளே கறி மீன் சமைக்கக் கூடாது, அதற்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள், வேறு ஒன்றும் கேட்காதே என்றார். இத்தனை நாளும் மாமி, தெரு, மாவு வாங்குகிறவர்கள் என்று வரிசையாக நிறுத்தி அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் மலர்க்கொடி. ஒவ்வொருத்தராக விலகினால் அங்கே நிற்பது தான் ஒருத்திதான் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. அது பொல்லாத வேதனை.

அன்றைக்கே மாவை வீரமலையின் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். காவிரியில் தண்ணீர் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மழைச்சாரலுக்கு ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததில் உள்ளே ஈரத்துணி வாடை. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் காது மிஷின் நனையாமல் பார்த்துக்கொண்டு, தினமும் இந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வந்து போயிருக்கிறாள் அந்தப் பெண் என்று மலர்க்கொடி நினைத்துக்கொண்டாள்.

கமர் ஜஹான் வீட்டில் கூடத்தில் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கமர் ஜஹான் வா என்று கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டே மலர்க்கொடி சொன்னாள். "அக்கா, வீடு அன்னிக்கும் காலியாத்தான் இருந்துச்சு. மாமியை நான் கேக்கவே இல்ல. நானாத்தான் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"இப்பக் கேட்டேன்க்கா. வரச் சொல்லிட்டாங்க. நாளைக்கே வந்துரலாம். நானே கழுவித் தொடச்சுத் தரேன்."

கமர் ஜஹான் கட்டிய பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள், யாரோ மூன்றாம் மனுஷர் வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி. போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அடித்த மழையில் மிஷின் நனைந்துவிட்டது. சென்னைக்கு அனுப்பிச் சரி செய்து வருகிற வரைக்கும் குழந்தைக்குப் பழையபடி ஒன்றும் கேட்கவில்லை. பழகிய இரண்டு மூன்று வார்த்தையும் மறந்துபோனது. இனிமேல் இந்த அலைச்சல் முடியாது என்று ஹஃப்ஸா தஞ்சாவூரில் நாத்தனார் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். நாளை காலை கிளம்புகிறார்கள்.

அங்கே தினமும் பயிற்சி உண்டா என்று மலர்க்கொடி கேட்டாள். வாரத்தில் ஒருநாள் ஆள் வந்து சொல்லிக்கொடுப்பார்களாம் என்றாள் கமர் ஜஹான்.

"ஒரு நாள் போதுமாக்கா?"

"போதாது. டாக்டரும் போதாதுன்னுதான் சொன்னாரு."

"அப்ப மாமி வீட்டுக்கே வரச் சொல்லுங்கக்கா. என் மேல கோவம்னா என்கிட்டப் பேச வேணாம். பிள்ளைக்காக வரச் சொல்லுங்க. கால்ல வேணா விழறேன்."

"நானும் சொல்லிப் பாத்தேன் மலரு. அந்தப் போர்டைப் பாத்துட்டு வந்த அன்னிக்கே சொன்னேன். நேரா போயி ஏன் ஆன்ட்டி இப்படிச் சொன்னீங்கன்னு கேளு, மலரு மனசு மாறிருவா, அவ கெட்டவ இல்லன்னேன். அவ மாட்டேன்னுட்டா." கமர் ஜஹான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்ஷா இப்பத்தான்ம்மா காதால ஒண்ணொண்ணாக் கேக்க ஆரம்பிக்கிறா, நம்மள வேண்டாத எடத்துல கொண்டு போயி எத மொதல்ல கேக்க வைக்கிறதுன்னு கேட்டா."

உள்ளே இருந்து ஹஃப்ஸா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். வாங்க ஆன்ட்டி என்றாள், டீ குடிச்சீங்களா என்றாள், மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் தேவலை என்று மலர்க்கொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹஃப்ஸா குழந்தையின் துணிகளை எடுக்க மறுபடி உள்ளே போய்விட்டாள்.

குழந்தை கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுத்து விளையாடியது. காதுக்குப் பின்னால் மிஷின் இருந்தது. முந்தின நாள்தான் சரியாகி வந்ததாம். மலர்க்கொடி எழுந்து நின்றாள். கிளம்புகிறேன் என்று சொல்ல வந்தவள், என்ன நினைத்தாளோ, மெல்ல "இன்ஷா" என்று கூப்பிட்டாள்.

குழந்தை சட்டென்று திரும்பியது. கூப்பிட்டது யாரென்று கண்டுகொண்டு, கயிற்றை விட்டுவிட்டு எழுந்து அவளிடம் வந்தது. அடுத்த வார்த்தை வருமென்று அவள் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சொல்வதற்கு மலர்க்கொடியிடம் ஒன்றுமே இல்லை.